பென்சில் குச்சியில் ஃபீனைல்அலனைன் பிடித்த கதை

போன சனிக்கிழமை பன்னிரண்டு பென்சில் குச்சிகளை என் முன்னால் வரிசையாக நிறுத்தி, எது எது என்று சொல்லச் சொன்னாள் என் மாணவி. ஆறில் ஃபீனைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தின் தடம் பதித்த பாலிமர் பூச்சு, மற்ற ஆறில் தடம் இல்லாத வெறும் பூச்சு. கண்ணுக்கு எல்லாம் ஒரே கறுப்பு. அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பத்து சரி, இரண்டு தப்பு. ஐந்து மாதம் இழுத்த வேலைக்கு இது போதும் என்று தோன்றியதால், மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

நான் பெங்களூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. எம்.எஸ்சி. மாணவிகள் இருவருக்கு, அதில் ஒருத்தி கோலார் தங்கவயலிலிருந்து வருபவள், கடைசிப் பருவத்துக்கு ஒரு செய்முறைத் திட்டம் வேண்டும். துறை தந்தது 2,500 ரூபாய். அமினோ அமிலத்தை மின்வேதி முறையில் கண்டுபிடிக்கும் சென்சார் என்று பெருமையாகத் தலைப்பு எழுதிக் கொடுத்துவிட்டோம். அதற்கு வேண்டிய, எலக்ட்ரோடுக்கு மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டத்தை அளக்கும் பொட்டென்ஷியோஸ்டாட் கடைகளில் லட்சங்களில் விலை சொல்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

இந்தத் தடம் பதித்த பாலிமர் என்ன சமாச்சாரம் என்றால், எங்கள் அல்சூர் தெருவில் புதுசாகச் சிமெண்ட் போட்ட இடத்தில் நாய் மிதித்துப் போயிருக்கும் இல்லையா, அதுதான். ஈரச் சிமெண்ட் பாலிமர், நாய்க்கால் அமினோ அமிலம். பாலிமர் வளரும்போது அமினோ அமிலத்தையும் கூடவே விட்டுவிட வேண்டும். பிறகு அதைக் கழுவி எடுத்துவிட்டால் குழி நிற்கும். அதே கால் மறுபடி வந்தால் பொருந்தும், வேறு கால் சரியாகப் பொருந்தாது. இதற்கு மேல் கோட்பாடு எழுதப் போவதில்லை.

முதலில் மின்சாரப் பக்கம், அதாவது பொட்டென்ஷியோஸ்டாட்டை நாங்களே செய்வது. கரைசலில் மூன்று எலக்ட்ரோடு: அளக்கும் பென்சில் குச்சி, மின்னழுத்தத்துக்கு அளவுகோலாக நிற்கும் ரெஃபரன்ஸ், மின்னோட்டம் திரும்பிப் போக எதிர் எலக்ட்ரோடு. என் கொழுந்தனார் எஸ்.பி. ரோட்டில் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பார்க்கிறார். சுற்றுப்படத்தைக் காட்டினேன். "அண்ணி, இதுக்கு எதுக்கு வெளியில வாங்கணும், எல்எம்358 டிராயர்ல கொட்டிக் கிடக்கு" என்று அந்த ஆம்ப், அதாவது சிக்னலைப் பெருக்கும் சில்லு, இரண்டைக் கையில் வைத்து அனுப்பினார். அதில்தான் முதல் இரண்டு வாரம் போனது. 3.3 வோல்ட்டில் ஓட்டினால் அந்த ஆம்ப் மேல்பக்கம் சுமார் ஒன்றரை வோல்ட்டை விழுங்கிவிடும், எனவே வேண்டிய மின்னழுத்தம் வரவே இல்லை. போதாக்குறைக்கு அதன் உள்ளீட்டில் பத்துக்கணக்கான நானோஆம்பியர் கசியும். ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடு வழியாக மின்சாரமே போகக் கூடாது என்பது இந்த வேலையின் முதல் விதி. எம்சிபி6004 என்ற வேறு ஆம்ப்புக்கு மாறியதும் இரண்டு தொல்லையும் தீர்ந்தன. விலை 45 ரூபாய்.

மின்னழுத்தத்தை ஏற்றி இறக்க முதலில் ஈஎஸ்பி32 என்ற கட்டுப்பாட்டுப் போர்டுக்குள்ளேயே இருக்கும் 8-பிட் டேக்கை (எண்ணை மின்னழுத்தமாக மாற்றுவது) வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு படியும் 13 மில்லிவோல்ட். வரைபடம் மாடிப்படி மாதிரி வந்தது. தனியாக எம்சிபி4725 என்ற டேக் வாங்கிப் போட்டதும் படி 0.8 மில்லிவோல்ட் ஆனது. மின்னோட்டத்தைப் படிக்க ஏடிஎஸ்1115.

அடுத்து மின்தடை. மின்னோட்டத்தை மின்னழுத்தமாக மாற்ற 100 கிலோஓம் போட்டிருந்தோம். குச்சியைச் சோதிக்க ஃபெர்ரோசயனைடு கரைசலில் முதல் ஓட்டம் ஓட்டினால், வரைபடத்தில் வர வேண்டிய உச்சியே வரவில்லை, மேலே மொட்டையாக வெட்டினாற்போல் ஒரு மேசை. எலக்ட்ரோடில் ஏதோ கோளாறு என்று மூன்று நாள் குச்சியைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் கணக்குப் போட்டேன். நடுப்புள்ளி 1.65 வோல்ட், 100 கிலோஓம் என்றால் 16.5 மைக்ரோஆம்பியருக்கு மேல் அதால் காட்டவே முடியாது. 10 கிலோஓம் போட்டால் 165 வரை போகும். எங்கள் குச்சிக்கு வர வேண்டியது ஏறக்குறைய 127. இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருக்க வேண்டும்.

வீட்டு மின்சாரத்திலிருந்து கலக்கும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைத் தடுக்க முறுக்கு டின். வீட்டிலிருந்த பெரிய தகர டின்னை எடுத்து, மூடியில் வயர் போக மூன்று துளை போட்டு, டின்னைச் சுற்றின் கிரவுண்டோடு இணைத்தோம். கூடவே ஒவ்வொரு புள்ளியிலும் 17 வாசிப்புகளின் சராசரி. நொடிக்கு 860 வாசிப்பு என்ற வேகத்தில் அது சரியாக ஒரு மின்சுழற்சி, 20 மில்லிநொடி. கோடு நெளியாமல் வந்தது அன்றுதான்.

குச்சி: 0.5 மில்லிமீட்டர் ஹெச்பி, மெக்கானிக்கல் பென்சிலில் போடுவது, 60 மில்லிமீட்டர் நீளம். ஒரு டப்பா 40 ரூபாய், அதில் 12. கீழ் முனையில் 10 மில்லிமீட்டரை மட்டும் கரைசல் பார்க்கும்படி விட்டால் பரப்பு 0.159 சதுர சென்டிமீட்டர். எதிர் எலக்ட்ரோடுக்குப் பிளாட்டினம் வாங்க வழியில்லை. 2 மில்லிமீட்டர் தடித்த கிளட்ச் பென்சில் குச்சியையே போட்டோம், ஒரு குறையும் இல்லை.

ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடு கொஞ்சம் படுத்தியது. வெள்ளிக் கம்பியை ப்ளீச்சிங் திரவத்தில் அரை மணி நேரம் போட்டால் மேலே வெள்ளிக் குளோரைடு படியும். பழைய கொலுசை வெட்டிப் போட்டேன். சாம்பல் நிறம் வர வேண்டியது திட்டுத்திட்டாகப் பச்சை கலந்து வந்தது. உச்சியின் இடம் காலைக்கும் மாலைக்கும் 40 மில்லிவோல்ட் நகர்ந்தது. கொலுசில் செம்பு கலந்திருக்கும் என்று ஊரில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். அவென்யூ ரோட்டில் ஒரு வெள்ளிக் கடையில் சுத்த வெள்ளிக் கம்பி கேட்டேன். எனக்கு வேண்டியது 10 சென்டிமீட்டர், எடை கால் கிராம்கூட வராது. "ரெண்டு கிராமுக்குக் கம்மியா தர மாட்டோம்க்கா, எதுக்கு, தோடுக்கா?" என்றார் கடைக்காரர். பரிசோதனைக்கு என்றேன். வெள்ளியைப் பரிசோதிக்கத்தான் வாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, முகம் மாறி, உடனே தராசுப் பக்கம் திரும்பிவிட்டார். 300 ரூபாய்.

கம்பியை நேராகக் கரைசலில் விடக் கூடாது என்பதும் பட்டுத்தான் தெரிந்தது. பூச்சுப் போடும் அசிடேட் கரைசலில் குளோரைடே கிடையாது, அங்கே இந்தக் கம்பியின் மின்னழுத்தம் ஓரிடத்தில் நிலையாக நிற்காது. ஆகவே 1 மில்லிலிட்டர் பிப்பெட் முனைக்குள் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு 22.4 கிராம். அடியில் அதே கரைசலில் காய்ச்சிய கடல்பாசி அடைப்பு. சிவாஜிநகர் மளிகைக் கடையில் ஃபலூடாவுக்கு விற்கும் அதே சைனா கிராஸ்தான். மூன்று சதவீதம் போட்டால் கெட்டியாக நிற்கிறது, இரண்டில் வழுக்கி விழுந்தது.

இனி வேதியியல். நாங்கள் முதலில் எடுத்துக்கொண்டது டிரிப்டோஃபான் என்ற இன்னோர் அமினோ அமிலம். காரணம் சோம்பேறித்தனம். அது தானே கார்பன் எலக்ட்ரோடில் 0.7 வோல்ட் பக்கம் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து ஓர் உச்சி காட்டும், தனிக் காட்டி வேண்டாம். பாலிமருக்கு ஆர்த்தோ-ஃபீனைலீன்டைஅமின். குச்சியை அந்தக் கரைசலில் வைத்து 0-விலிருந்து 0.8 வோல்ட் வரை ஏற்றி இறக்கினால் பூச்சு தானாக வளரும். இங்கேதான் ஓட்டை. பாலிமர் வளரும் அதே 0.8 வோல்ட்டில், தடம் பதிக்க விட்ட டிரிப்டோஃபானும் ஆக்ஸிஜனேற்றமாகி எரிந்துகொண்டிருந்தது. மிதிக்க வந்த நாயே சிமெண்டில் ஒட்டிக்கொண்ட கதை. ஃபீனைலீன்டைஅமினே சேர்க்காமல் வெறும் டிரிப்டோஃபானில் ஒரு குச்சியை ஓட்டிப் பார்க்கலாமே என்றாள் தங்கவயல் மாணவி. ஓட்டினோம். அந்தக் குச்சியும் முக்கால்வாசி அடைத்துப் போயிருந்தது. ஆறு வாரத்து வரைபடங்களை ஒரு கோப்பில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

ஃபீனைல்அலனைனுக்கு மாறியது ஒரு டயட் குளிர்பானக் கேனால். அஸ்பார்டேம் சேர்த்திருக்கிறது, ஃபீனைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு அல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அஸ்பார்டேம் உடலில் உடையும்போது வருவது ஃபீனைல்அலனைன். அதைக் கையாளும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு அது இரத்தத்தில் சேர்ந்து மூளையைப் பாதிக்கும். 1934-இல் நார்வேயில் அஸ்பியோர்ன் ஃபோலிங் கண்டறிந்த நோய். 1960-களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி குழந்தையின் குதிகாலிலிருந்து எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தில் பாக்டீரியாவை வைத்து இதைக் கண்டுபிடிக்க வழி செய்தார். கேனைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொன்னபோது, "அப்ப இதையே எடுத்துக்கலாமே மேடம்" என்றார்கள் இருவரும். எங்கள் வேலைக்கு அதைவிட முக்கியமான வசதி ஒன்றும் உண்டு. ஃபீனைல்அலனைன் 0.8 வோல்ட்டுக்குள் எரியாது.

எரியாது என்பதால் தானாக உச்சியும் காட்டாது. அதற்குத்தான் ஃபெர்ரோ-ஃபெர்ரிசயனைடு, 5 மில்லிமோலார், 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடில். குழி திறந்திருந்தால் அது குச்சியைத் தொடும், மின்னோட்டம் வரும். குழிக்குள் ஃபீனைல்அலனைன் உட்கார்ந்துவிட்டால் வழி அடைபடும், மின்னோட்டம் குறையும். குறைவதைத்தான் அளக்கிறோம்.

பூச்சுக் கரைசல் 50 மில்லிலிட்டருக்கு: ஃபீனைலீன்டைஅமின் 54 மில்லிகிராம், ஃபீனைல்அலனைன் 83 மில்லிகிராம், 0.1 மோலார் அசிடேட், பிஎச் 5.2. வேகம் நொடிக்கு 50 மில்லிவோல்ட். ஒரு சுற்று 32 நொடி. முதல் சுற்றில் பெரிய மேடு, அடுத்த சுற்றில் பாதி, பத்தாவதில் கிட்டத்தட்ட தட்டை. இந்தப் பாலிமர் மின்சாரம் கடத்தாது, தன் வாயைத் தானே மூடிக்கொள்ளும். ஒன்று சொல்லிவிடுகிறேன். ஃபீனைலீன்டைஅமின் நச்சு. கையுறை, புகைப்போக்கி அலமாரி இல்லாமல் தொடாதீர்கள், வீட்டுச் சமையலறையில் வேண்டவே வேண்டாம். ஃபெர்ரோ-ஃபெர்ரிசயனைடு கரைசலின் கழிவையும் அமிலக் கழிவையும் ஒரே ஜாடியில் ஊற்றவும் கூடாது.

30 சுற்றில் ஆரம்பித்தோம். வெறும் குச்சி 121 மைக்ரோஆம்பியர் காட்டியது, பூச்சுக்குப் பின் 2. மெத்தனாலும் அசிடிக் அமிலமும் 9-க்கு 1 கலந்து அரை மணி கழுவினால் 70-க்கு ஏறியது! தடம் திறந்துவிட்டது என்று கேன்டீனில் ஆளுக்கொரு மசால் தோசை.

மறுநாள் வெறும் பூச்சுக் குச்சியையும் ஒப்புக்குக் கழுவி அளந்தோம், அறிக்கையில் ஒரு பத்தி வேண்டுமே என்று. அதுவும் 68. ஃபீனைல்அலனைனே இல்லாத பூச்சில் எந்தத் தடம் திறக்கும்? குச்சியை லென்ஸில் பார்த்தேன். கீழே 10 மில்லிமீட்டரை விட்டு மேலே காப்பாக நெயில் பாலிஷ் பூசியிருந்தோம். மெத்தனால் அதை மெல்லக் கரைத்து, எல்லை ஐந்தாறு மில்லிமீட்டர் மேலே ஏறியிருந்தது. அங்கே பூச்சே இல்லாத புது கிராஃபைட். 5 மில்லிமீட்டர் வெறும் குச்சிக்குக் கணக்குப்படி வருவது சுமார் 60. நாங்கள் தோசை சாப்பிட்டது நெயில் பாலிஷ் உரிந்ததற்கு.

காப்புக்கு டெஃப்லான் டேப் சுற்றிப் பார்த்தோம், இடுக்கில் கரைசல் ஏறியது. கடைசியில் கைகொடுத்தது மெழுகுவத்தி. சோதனைக் குழாயில் மெழுகை உருக்கி, குச்சியைத் தலைகீழாக 50 மில்லிமீட்டர் முக்கி எடுக்க வேண்டும். மேலே கிளிப் பிடிக்கும் 10 மில்லிமீட்டரை மட்டும் பிளேடால் சுரண்டிவிடலாம். மெத்தனால் மெழுகை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் மெழுகு அதிகச் சூடாக இருந்தால் மெல்லியதாக ஓடி, திறந்திருக்க வேண்டிய பக்கமும் வழிந்துவிடும். உருகியதும் அடுப்பிலிருந்து இறக்கி, ஓரத்தில் வெள்ளை படரத் தொடங்கும்போது முக்கினால் சரியாக வருகிறது.

காப்பு சரியானதும் உண்மை தெரிந்தது. 30 சுற்றுப் பூச்சு கழுவிய பின்னும் 3 மைக்ரோஆம்பியரில்தான் நின்றது. தடங்கள் எல்லாம் ஆழத்தில் புதைந்துவிட்டன போலும். 20, 15, 10, 5 என்று குறைத்தோம். 5-இல் பூச்சே ஒழுங்காக மூடவில்லை. 15-இல் இப்படி: பூச்சுக்குப் பின் 4, கழுவிய பின் 38, 1 மில்லிமோலார் ஃபீனைல்அலனைனில் 20 நிமிடம் ஊறிய பின் 26. குறைவு 32 சதவீதம். வெறும் பூச்சுக் குச்சி கழுவிய பின் 15, ஊறிய பின் 13, அதாவது 13 சதவீதம். வெறும் பூச்சிலும் எதுவோ ஒட்டத்தான் செய்கிறது. அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிதான் எங்கள் சென்சார். டிரிப்டோஃபானைக் கொடுத்தால் தடம் பதித்த குச்சி 18 சதவீதம் குறைந்தது, உருவம் அப்படியொன்றும் தூரமில்லையே. கிளைசினுக்கு அசையவில்லை. ஒரே குச்சியைக் கழுவிக் கழுவி மூன்று தடவை பயன்படுத்தலாம், நான்காவதில் நம்ப முடியாது. அந்தக் குளிர்பானத்தையே ஊற்றிப் பார்க்கும் ஆசையும் நடந்தது. இரண்டு வகைக் குச்சியும் கண்டபடி இறங்கின, அதில் இருக்கும் அமிலமும் காஃபினும் நிறமியும் என்னென்ன செய்தனவோ, அதைத் தொடவில்லை.

தொடக்கத்தில் சொன்ன, எது எது என்று தெரியாமல் அளக்கும் குருட்டுச் சோதனை வந்தது ஒரு விபத்தால். குச்சிகளின் தலையில் டேப் ஒட்டி மார்க்கரால் எழுதியிருந்தோம். மெத்தனால் பாட்டில் சாய்ந்து அத்தனை எழுத்தும் கரைந்து, எது தடம், எது வெறும் என்று தெரியாமல் போனது. அளந்து கண்டுபிடிக்கலாமே என்று உட்கார்ந்தேன், பிரிக்கவும் பிரித்தேன், ஆனால் சரியா என்று சொல்லத்தான் ஆளில்லை. அப்படியென்றால் அடுத்த தடவை வேண்டுமென்றே செய்வோம் என்றாள் தங்கவயல் மாணவி. மெழுகின் மேல் ஊசியால் 1 முதல் 12 வரை கீறி, விடையைத் தன் நோட்டில் எழுதிப் பூட்டிக்கொண்டாள்.

செலவு: ஈஎஸ்பி32 420, டேக் 180, ஏடிஎஸ்1115 290, இரண்டு ஆம்ப் 90, போர்டும் வயரும் 120, வெள்ளி 300, ஃபீனைல்அலனைன் 25 கிராம் 700, குச்சிகள் 220. மொத்தம் 2,320. மற்ற ரசாயனங்கள் கல்லூரி அலமாரியில் இருந்தவை. கொலுசு கணக்கில் இல்லை, வீட்டில் இன்னும் சொல்லவும் இல்லை.

சனிக்கிழமை பன்னிரண்டையும் அளந்து, குறைவு அதிகமானதிலிருந்து வரிசைப்படுத்தி, மேலே ஆறு தடம், கீழே ஆறு வெறும் என்று எழுதிக் கொடுத்தேன். ஐந்து குச்சிகள் 26-க்கும் 34 சதவீதத்துக்கும் நடுவில். ஐந்து 9-க்கும் 15-க்கும் நடுவில். நடுவில் தனியாக நின்றவை 12-ஆம் எண், 24 சதவீதம், அதைத் தடம் என்றேன். 11-ஆம் எண், 17 சதவீதம், அதை வெறும் என்றேன். நோட்டைத் திறந்தாள். அந்த இரண்டு மட்டும் மாறியிருந்தன.

ஏன் அந்த இரண்டு என்று கேட்டதற்கு அவளே கொஞ்சம் யோசித்து, கடைசியாகப் பூசினது அதுங்கதான் மேடம் என்றாள். ஒரு குச்சிக்கு எட்டு நிமிடம், பன்னிரண்டுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். காலையில் கலக்கிய கரைசல். பூச ஆரம்பித்தது மூன்று மணிக்குமேல். ஊருக்குப் போகும் மாரிக்குப்பம் ரயிலைப் பிடிக்க அவள் ஓட வேண்டும் என்று கடைசி இரண்டை அவசரமாக முடித்தோம். ஃபீனைலீன்டைஅமின் வெளிச்சத்திலும் காற்றிலும் பழுப்பாகும். பீக்கர்கள் இரண்டும் இன்னும் கழுவாமல் தொட்டியோரம் இருந்தன. எடுத்துப் பார்த்தோம். இரண்டும் பிளாக் டீ நிறம்.

அடுத்த தொகுதிக்கு நான்கு குச்சிக்கு ஒரு தடவை புதுக் கரைசல், பீக்கரைச் சுற்றி அலுமினியத் தாள், பூச்சு வேலை காலை பத்து மணிக்கு. புதன்கிழமை அவளுக்கு முதல் இரண்டு வகுப்பு இல்லையாம்.